நாலு மில்லிமீட்டர்

பிப்ரவரி 2

அதெல்லாம் இருக்கட்டும்டா நட்டு, நீ கேட்டதுக்கு முதல்ல பதில் சொல்லிடறேன், இல்லாட்டி நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே எங்கயோ போயிடுவேன். வேண்டாம். இஞ்சினைப் பெருசாக்க வேண்டாம்.

உன் லெட்டரை மூணு தடவை படிச்சேன். தனியா ஒரு தடவை, சாமி படத்துக்கு முன்னாடி ஒரு தடவை, மாமாவுக்குச் சத்தமா ஒரு தடவை. கேட்டுட்டு அவர் “ம்”னார். கல்யாணம் ஆகி முப்பத்தோரு வருஷம் ஆச்சு, அந்த “ம்”முக்கு அர்த்தம் ஆண்டவனுக்குத்தான் தெரியும். போன்ல பேசினா என்ன அத்தைன்னு கேட்டிருக்கே. பட்டறையில சிலிண்டர் தேய்க்கற ஹோனிங் மெஷின் பக்கத்துல நின்னு நின்னு காது பாதி போச்சுடா. போன்ல நீ பேசறது கிணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்கு. எழுதினா நான் திருப்பித் திருப்பிப் படிப்பேன். நீயும் கொஞ்சம் யோசிச்சு எழுதுவே.

சரி, உன் முதலாளி பல் டாக்டரோட பந்தய வண்டி விஷயம். நாலாயிரம் சுத்துக்குக் கீழ வண்டி தூங்குது, வளைவு திரும்பி வெளிய வந்து மிதிச்சா டர்போ கொட்டாவி விட்டு எழுந்திரிக்கறதுக்குள்ள அடுத்த வளைவு வந்துடுதுங்கறே. கிராங்கை நீட்டி ரெண்டு லிட்டர் இஞ்சினை ரெண்டு புள்ளி ரெண்டு ஆக்கிட்டா புகை ஜாஸ்தியாகும், அந்தப் புகையில சுத்தற டர்போ சீக்கிரம் முழிக்கும். தப்பில்ல. வேலை தெரிஞ்சவன் பேசற பேச்சுதான்.

ஆனா யோசிச்சுப் பாரு. இப்ப சிலிண்டர் போர் எண்பத்தாறு மில்லி அகலம், பிஸ்டன் ஓடற ஸ்ட்ரோக்கும் எண்பத்தாறு. கிராங்க்ல ராடு மாட்டற இடம் நடுவுலேர்ந்து நாப்பத்திமூணு மில்லி தள்ளி நிக்குது. நீ கேக்கற நீளக் கிராங்க்ல அது நாப்பத்தேழு. வெறும் நாலு மில்லிதானேன்னு தோணும். மேல நாலு, கீழ நாலு, பிஸ்டன் எட்டு மில்லி கூட ஓடணும். மேல முட்டாம இருக்க பிஸ்டன்ல ராடு கோக்கற பின் ஓட்டையை ரிங் பக்கமா நாலு மில்லி ஏத்தணும். அந்த இடம் மெல்லிசாயிடும். சாதா வண்டின்னா தாங்கும், டர்போ அடிக்கற அடிக்குத் தாங்குமா? சிலிண்டர் சுவரைக் குடைஞ்சு பெருசாக்கலாம்னா அதைப் பேசவே பேசாதே, அந்த பிளாக் சுவர் ஏற்கெனவே பிஸ்கட் மாதிரி.

அதைவிடு, பந்தயத்துல ஓடற பிரிவு என்னாகும்? உங்க கிளப்புல டர்போ வண்டின்னா சிசியை ஒண்ணு புள்ளி ஏழால பெருக்கறாங்க. இப்ப 1998. பெருக்கினா 3397, மூவாயிரத்து ஐநூறுக்குள்ள அடங்குது. நீட்டினா 2184. பெருக்கினா 3713, மேல் பிரிவுக்குப் போயாகணும். அங்க ஓடறதெல்லாம் யானை. எட்டாவது வரைக்கும்தான் படிச்சேன், ஆனா பெருக்கல்ல என்னை அடிச்சுக்க ஆள் கிடையாது, உங்கப்பாவைக் கேட்டுப் பாரு. பெயிலாகி என் வகுப்புக்கே வந்த என் அண்ணன் என் நோட்டைப் பாத்து எழுதித்தான் பாஸ் பண்ணினான்.

டர்போல புகை போற பக்கத்துக் கூட்டைச் சின்னதா மாத்து. மேல கொஞ்சம் பலம் குறையும், கீழ சீக்கிரம் முழிக்கும். டாக்டருக்கு அது போதும். ஊரார் பல்லைப் பிடுங்கறவருக்கு எதுக்கு அவ்ளோ அவசரம்?

குழந்தைங்களைக் கேட்டதா சொல்லு.

அத்தை

பிப்ரவரி 11

அன்புள்ள அத்தைக்கு,

லெட்டர் வந்துச்சு. நீங்க சொன்னா சரி. டாக்டர்கிட்ட சொன்னேன், மூஞ்சி சுருங்கிப் போச்சு, அப்புறம் ஒத்துக்கிட்டார். கூட்டைச் சின்னதா மாத்திக்கறோம். கிராங்க் பேச்சு முடிஞ்சுது.

பிளாக்கும் கிராங்கும் உங்ககிட்டதான் இருக்கு. ஹோனிங் முடிச்சு வழக்கம் போல அளவுச் சீட்டு எழுதி வெச்சிடுங்க. உங்க சீட்டு இருந்தா கிளப்புப் பரிசோதகர் இஞ்சினைப் பிரிக்கவே சொல்ல மாட்டார். பிரிச்சா எனக்கு ஒரு வாரம் போயிடும்.

இந்தத் தடவை லாரில போட வேண்டாம், நானே வந்து எடுத்துக்கறேன். நீங்க பெரியத்தை கண் ஆபரேஷனுக்குப் போறதா அப்பா சொன்னார். எப்ப போறீங்க? மாமா பட்டறையில இருப்பார் இல்ல?

நட்டு

பிப்ரவரி 19

அடேய் நட்டு,

பிளாக் தயார். நாலு சிலிண்டரையும் மேல, நடுவுல, கீழ, குறுக்க நெடுக்க அளந்துட்டேன். எண்பத்தாறுக்கு மேல ஒரு மயிரிழை கூட இல்ல. கிராங்கையும் அளந்தாச்சு. சீட்டை எழுதி, போர், ஸ்ட்ரோக், சிசி எல்லாம் போட்டு, கையெழுத்து போட்டு, சீல் குத்தி அலமாரில மேல் தட்டுல வெச்சிருக்கேன். சீட்டு எழுதறதுக்கு முன்னாடி கை கழுவிட்டு சாமி கும்பிட்டுத்தான் எழுதுவேன்னு உனக்குத் தெரியும். சிரிப்பே. சிரி. இருபத்திரண்டு வருஷமா ஒரு சீட்டு திரும்பி வரல. பரிசோதகர் ஒரு தடவை என்கிட்டயே சொன்னார், “அம்மா, உங்க சீட்டு வந்தா நான் டீ குடிக்கப் போயிடுவேன்”னு.

நாளைக்கு அக்கா வீட்டுக்குக் கிளம்பறேன், மூணு வாரம். கண் ஆபரேஷன் முடிஞ்சா அவ சும்மா இருக்க மாட்டா, கட்டை அவுத்துட்டு டிவி பாக்கணும்பா. நான் இல்லாட்டி மாமா மூணு வேளையும் ரொட்டியைத் தண்ணில நனைச்சுத் தின்னுட்டு இருப்பார். நீ வந்தா ரெண்டு நாள் தங்கி அவருக்கு எதையாவது வாய்க்கு ருசியா வாங்கிக் கொடு. உன்மேல அவருக்கு உசுரு. வெளிய காட்டிக்க மாட்டார், அவ்ளோதான். நீ மூணு வயசுல நட்டை முழுங்கினப்போ ஆஸ்பத்திரிக்குத் தோள்ல போட்டுக்கிட்டு ஓடினது அவர்தான், உங்கப்பன் மயங்கி விழுந்துட்டான்.

கிராங்க் தேய்க்கற கிரைண்டரை ஏதாவது வேலைக்குப் போட்டார்னா, முடிச்சதும், ராடு இடம் தள்ளி நிக்கற மில்லிக்கு நகத்தின தலை ரெண்டையும் பூஜ்யத்துக்குத் திருப்பி வைக்கச் சொல்லு. மறந்துடுவார். பாக்காம அடுத்த கிராங்கை மாட்டினா கதை முடிஞ்சுது. இதுக்கு நான் கத்தாத நாள் இல்ல.

அத்தை

ஏப்ரல் 20

அன்புள்ள அத்தைக்கு,

ரெண்டு பந்தயம், ரெண்டுலயும் முதல். டாக்டர் குழந்தை மாதிரி குதிக்கறார். போட்டோ வெச்சிருக்கேன், கப் பிடிச்சிருக்கறது நான்தான், கண்ணு மூடிட்டேன்.

ரெண்டாவதா வந்தது ஒரு பொண்ணு. டவுன் பஸ் ஓட்டறவங்க. வண்டியை அவங்களேதான் கட்டினாங்க, அவங்க வீட்டு ஷெட்டுல. ரெண்டு தடவையும் அரை செகண்டுக்குள்ளதான் வித்தியாசம். ரெண்டாவது தடவை வந்து எனக்குக் கை கொடுத்தாங்க. “கீழேயிருந்து எப்படி இப்படி இழுக்குது”ன்னு கேட்டாங்க.

பரிசோதகர் உங்களை விசாரிச்சார்.

நட்டு

ஏப்ரல் 28

என் கண்ணு,

போட்டோ வந்தது. சாமி படத்துக்குப் பக்கத்துல வெச்சுட்டேன். பக்கத்து கடை வெல்டரை, எதிர்வீட்டு டீச்சரை, தண்ணி கேன் போடறவரை, எல்லாரையும் கூட்டிட்டு வந்து காட்டினேன். கண்ணை மூடிட்டு நிக்கறது பக்தியில நிக்கற மாதிரியே இருக்குன்னு டீச்சர் சொன்னாங்க. மாமாகிட்ட காட்டினேன். கொஞ்ச நேரம் பாத்துட்டு, துணியை எடுத்து மெஷினைத் துடைக்கப் போயிட்டார்.

அந்தப் பொண்ணு கேட்டதுக்கு நீ என்ன பதில் சொன்னேன்னு எழுதலையே? கூட்டை எந்த அளவுல போட்டே? எனக்கும் சொல்லு. வேற வண்டிக்கு ஆகும்.

அத்தை

மே 17

அத்தைக்கு,

மூணாவது பந்தயத்துல வண்டி நின்னுபோச்சு. மூணாம் சிலிண்டர். நல்லவேளை, டாக்டர் உடனே ஆஃப் பண்ணிட்டார், சுவர்ல கீறல் இல்ல. பிஸ்டன் ரிங் பக்கத்துல உடைஞ்சிருக்கு. பெட்ரோல் குறைவா போச்சா, சூடு ஜாஸ்தியா, எனக்குப் பிடிபடல. நாலு பேரைக் கேட்டேன், நாலு பேரும் நாலு சொல்றாங்க.

உங்க கண்ணுக்குத் தெரியும். உடைஞ்ச பிஸ்டனைப் பார்சல்ல அனுப்பியிருக்கேன். பாத்து எழுதுங்க. அவசரம், அடுத்த பந்தயம் ஜூன் கடைசி.

நட்டு

மே 24

நட்டு,

பார்சல் வந்தது. பிரிச்சு, மண்ணெண்ணெய்ல கழுவி, வெளிச்சத்துல வெச்சுப் பாத்தேன். நீ கேட்டதுக்குப் பதில் இதுதான். பெட்ரோல் குறையல, சூடும் இல்ல. பின் ஓட்டைக்கும் கீழ் ரிங் பள்ளத்துக்கும் நடுவுல சதை பத்தல. அங்கேயிருந்து விரிஞ்சு மேல ஏறியிருக்கு.

ஏன் சதை பத்தலன்னு பாத்தேன். பழைய பிஸ்டன் ஒண்ணு மேஜை மேல பேப்பர் பறக்காம இருக்க வெச்சிருக்கேனே, அதைப் பக்கத்துல வெச்சேன். பின் ஓட்டை ஒண்ணுல கீழ இருக்கு, ஒண்ணுல மேல இருக்கு. அளந்தேன். நாலு மில்லி. கண்ணாடியைத் துடைச்சுட்டு மறுபடி அளந்தேன். கேஜ் தப்போன்னு வேற கேஜ் எடுத்து அளந்தேன். சாமி கும்பிட்டுட்டு வந்து அளந்தேன். கும்பிட்டா குறையுமா? நாலு மில்லிதான்.

அந்த பிஸ்டன் நாப்பத்திமூணு கிராங்குக்குப் போடற பிஸ்டன் இல்ல. நாப்பத்தேழுக்குப் போடறது.

என்னடா பண்ணினே?

பெருசாக்கினது குத்தம்னு நான் சொல்லல. டாக்டர் வண்டி, டாக்டர் காலு. மேல் பிரிவுல போய் ஓட்டியிருந்தா, போடா தடியான்னு ரெண்டு திட்டு திட்டிட்டு நானே உனக்கு நல்ல பிஸ்டன் தேடிக் கொடுத்திருப்பேன். நீ கீழ் பிரிவுல ஓட விட்டே. பரிசோதகர் கையில எந்தச் சீட்டைக் கொடுத்தே? என் சீட்டை. ஸ்ட்ரோக் எண்பத்தாறு, சிசி 1998, கீழ என் கையெழுத்து. அவரும் என்னை நம்பி டீ குடிக்கப் போனார்.

அந்தப் பஸ் ஓட்டற பொண்ணு உனக்குக் கை கொடுத்தாளே. கீழேயிருந்து எப்படி இழுக்குதுன்னு கேட்டாளே. என்னடா சொன்னே அவகிட்ட? நானும் உன்கிட்ட அதையேதான் கேட்டேன், கூடு என்ன அளவுன்னு. வெக்கமா இருக்கு, எதிர்வீட்டு டீச்சரை வேற கூப்பிட்டுக் காட்டினேன்.

இன்னொண்ணு தாங்கவே முடியல. இதை எனக்கே பார்சல் கட்டி அனுப்பிச்சே பாரு. பேப்பர் சுத்தி, அட்டை வெச்சு, நூல் கட்டி. அத்தை கண்ணுக்கு எல்லாம் தெரியும்னு உனக்குத் தெரியும், அனுப்பறப்போ இது தெரியும்னு மட்டும் தோணல. பழக்கம். ஏதாவது உடைஞ்சா அத்தைகிட்ட போகணும். என்னை ஏமாத்தினதையும் தூக்கிக்கிட்டு என்கிட்டயே வந்து நிக்கறே.

போட்டோவை எடுத்துட்டேன். இந்த லெட்டருக்குப் பதில் வரவேண்டியது ஒண்ணே ஒண்ணு. எப்ப, எப்படின்னு ஒழுங்கா எழுது.

மே 31

அத்தை,

நாலு தடவை எழுதிக் கிழிச்சுட்டேன். திட்டுங்க. திட்ட வேண்டியதுதான்.

ஜனவரியிலயே டாக்டர் அந்தக் கிராங்கை வரவழைச்சுட்டார். நான் உங்களுக்கு முதல் லெட்டர் எழுதினப்போ அது என் ரூம்ல கட்டிலுக்கு அடியில இருந்துச்சு. நீங்க சரின்னு சொல்லிட்டா உங்ககிட்டயே கொண்டு வரலாம்னுதான் எழுதினேன். நீங்க வேண்டாம்னு எழுதினீங்க. டாக்டர்கிட்ட படிச்சுக் காட்டினேன். “உங்க அத்தை உனக்கு முதலாளியா, நான் முதலாளியா”ன்னார்.

மேல் பிரிவுக்குப் பேர் கொடுக்கலாம்னு சொன்னேன் அத்தை. சத்தியமா சொன்னேன். அங்க போனா பத்தாவதாத்தான் வருவேன்னார். சீட்டுதான் கையில இருக்கேன்னார். நான் சும்மா நின்னேன். அவ்ளோதான் நான் செஞ்சது. சும்மா நின்னதுதான்.

கிராங்க் தேய்க்காத கச்சாவா வந்துச்சு. இங்க பக்கத்துல ஒரு பட்டறையில கொடுத்துத் தேய்ச்சுக்கிட்டேன். உங்களுக்குத் தெரியாத ஆள். அதைக் கிளற வேண்டாம்.

ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. உங்ககிட்ட வேண்டாம்னு ஒரு தடவை வந்துட்டா அப்புறம் யாராலயும் பேச முடியாது. எனக்கு முப்பத்தி நாலு வயசு. இந்த இஞ்சின் இப்படி இழுக்கும்னு எனக்குத் தெரிஞ்சுது, இழுத்துச்சு. ரெண்டு தடவை இழுத்துச்சு. உங்களுக்கு அது காதுல விழலையா?

பரிசோதகருக்கு எழுதிடாதீங்க அத்தை. டாக்டர் என்னை அனுப்பிடுவார், வேற யாரும் எடுக்க மாட்டாங்க. ஜூன்ல ஓட்டல, வண்டியை நிறுத்திடறேன். கப்பு ரெண்டையும் எங்கயாவது போட்டுடறேன்.

இதை மாமாவுக்குப் படிச்சுக் காட்டாதீங்க.

நட்டு

ஜூன் 8

நட்டுவுக்கு,

படிச்சுக் காட்டினேன். அந்த மனுஷர்கிட்ட நான் எதை மறைச்சிருக்கேன்? ஒவ்வொரு வரியா, நிறுத்தி நிறுத்திப் படிச்சேன். “ம்” கூட வரல. எழுந்து பட்டறைக்குப் போயிட்டார். சாப்பிடக் கூப்பிட்டேன், வரல. உன்னால அந்த மனுஷருக்குத்தான் ரொம்ப வேதனை. உன்னைத் தோள்ல போட்டுக்கிட்டு ஓடினவர்.

என்கிட்ட பேச முடியாதுன்னு எழுதியிருக்கே. அதை மட்டும் ரெண்டு நாள் யோசிச்சேன். இருக்கலாம்டா. நான் பேச ஆரம்பிச்சா அடுத்தவங்களுக்கு இடம் இருக்காது, டீச்சரும் சொல்லுவாங்க. ஆனா நீ என்னோட சண்டை போட்டிருக்கலாம். லெட்டர்ல நாலு பக்கம் கத்தியிருக்கலாம். “நீங்க சொன்னா சரி”ன்னு எழுதினியே, அந்த மூணு வார்த்தைக்கு நான் எவ்ளோ சந்தோஷப்பட்டேன் தெரியுமா? கட்டிலுக்கு அடியில கிராங்கை வெச்சுக்கிட்டு, அது மேலயே படுத்துக்கிட்டு எழுதியிருக்கே.

பரிசோதகருக்கு எழுதிட்டேன். இன்னிக்குக் காலையில நானே போய்ப் போஸ்ட் பண்ணிட்டு வந்தேன், பெட்டியில விழற சத்தம் கேக்கற வரைக்கும் நின்னேன். “நான் அளந்த இஞ்சின் வேற, ஓடின இஞ்சின் வேற. அந்த ரெண்டு கப்பும் ரெண்டாவதா வந்த பொண்ணுக்குச் சேரணும். இனிமே என் சீட்டு வந்தாலும் தயவுசெஞ்சு பிரிச்சுப் பாருங்க”ன்னு எழுதினேன். இருபத்திரண்டு வருஷம்டா.

உன் பேர்ல பழி மொத்தமும் போடல. முதலாளி சொல்லித்தான் செஞ்சேன்னு நீ எழுதினதையும் எழுதினேன். உனக்குப் போக இடம் இல்லைன்னா இங்க வா. பேச மாட்டேன், சோறு போடுவேன். பேசாம நான் எத்தனை நாள் தாங்குவேன்னு வந்துதான் பாரேன்.

பட்டறை பேராவது மிஞ்சணும் இல்ல? அதனால கீழ ஒரு வரி சேத்தேன். “அந்த நீளக் கிராங்கை எங்க பட்டறையில ஒரு கையும் தொடலை, இது நான் கும்பிடற சாமி மேல சத்தியம்”னு. வாழ்க்கையில சாமி மேல சத்தியம் பண்ணி எழுதினது இதான் முதல் தடவை. மாமாவையும் கீழ ஒரு கையெழுத்து போடச் சொன்னேன், ரெண்டு பேர் பட்டறைதானே. பேனாவை வாங்கி ரொம்ப நேரம் கையில வெச்சிருந்தார். கண்ணாடி எங்கன்னு தேடினார். மூக்கு மேலயே இருந்துது. அப்புறம் “கையெல்லாம் எண்ணெய், பேப்பர் கறையாயிடும், கழுவிட்டு வரேன்”னு போனவர் போனவர்தான். தபால் நேரம் ஆயிடுச்சு, அவர் கையெழுத்து இல்லாமலே அனுப்பிட்டேன்.

அக்கா கண்ணு நல்லாயிடுச்சு. ஊசில நூல் கோக்கறாளாம். அங்கேயிருந்து திரும்பி வந்த அன்னிக்கு இங்க பட்டறை கிடந்த கோலத்தை நினைச்சா இப்பவும் எரிச்சல் வருது. தரை பூரா இரும்புத்தூள், மூணு வாரமா துடைப்பத்தையே தொடலை, நான் வந்து பெட்டியைக் கூட வைக்காம கூட்டினேன்.

இரு.

இப்பத்தான் ஞாபகம் வருது. கூட்டிக்கிட்டே கிரைண்டர்கிட்ட வந்தேன். தலை ரெண்டும் பூஜ்யத்துல இல்ல. “யாரு இதைத் தொட்டது”ன்னு கத்தினேன். மாமா தலையைத் தூக்காம “எலியா இருக்கும்”னார். அவர் ஜோக்கு சொல்றது வருஷத்துக்கு ஒண்ணு, நான் சிரிச்சுட்டேன். சிரிச்சுக்கிட்டே நானேதான் ரெண்டையும் பூஜ்யத்துக்குத் திருப்பி வெச்சேன். நாப்பத்தேழுல நின்னுது.